ஓடையில் தண்ணீர் இல்லை

மண்சரிவுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திய முதலாளி எஞ்சினை அணைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்பதை இதைவிட நாசூக்காக ஒருவர் சொல்ல முடியாது.

"இதுக்கு மேல பாதை கிடையாதும்மா. அங்க போய்ப் பாக்கவும் ஒண்ணும் கிடையாது," என்றார்.

சர்வேயரம்மா கதவைத் திறந்து இறங்கினாள். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவள். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து நான்கு வருடமாகியும் பழைய பெயர் அவளை விடவில்லை. அவளை விடாத இன்னொன்று அவளுடைய கொழுந்தன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். நாற்பது வயதாகியும் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்காதவன்.

பின்சீட்டிலிருந்து அவனும், காணாமல் போன ஆபரேட்டரின் மனைவியும் இறங்கினார்கள். ரெடிமேட் கடையில் தையல் வேலை பார்ப்பவள். பார்த்தவள் என்று சொல்ல வேண்டும். இந்த விவகாரம் முடியும்வரை வீட்டிலேயே இரு என்று கடைக்காரர் சொல்லி ஒரு வாரமாகிறது. திருடன் பெண்டாட்டி கை வைத்த சட்டையை யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்டாராம். அதை அவள் அழாமல் சொன்னதுதான் சர்வேயரம்மாவை இந்த வழக்கை எடுக்க வைத்தது. நான்கு நாட்களுக்கு முன்பு எடுத்தாள். நான்கு நாளும் வெறும் சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். இந்த மலைக்கு நடுவே, ஓடையைத் தடுப்பணையில் மறித்து, தண்ணீரைக் குழாயில் இறக்கி டர்பைனைச் சுழற்றி, அந்தக் கரண்ட்டில் நூற்றிருபது பிட்காயின் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. ஊர்க் கரண்ட் எட்டாத இடம். போன் சிக்னலும் கிடையாது. மேட்டில் நிற்கும் ஒரு டிஷ் வழியாக வரும் இன்டர்நெட்தான் வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு. மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆபரேட்டர் ஒருவர் மட்டும்; மூன்று வாரம் மேலே, ஒரு வாரம் வீட்டில். முதலாளி ஊரில் உட்கார்ந்துகொண்டு எத்தனை மெஷின் ஓடுகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொள்வார்.

பதினோரு நாட்களுக்கு முன்பு, பெருமழையன்று காலையில், நூற்றிருபது நூற்றெட்டானது. மத்தியானம் பூஜ்யமானது. ஆபரேட்டர் அன்று மனைவியிடம் கடைசியாகப் பேசியது, காற்று பலமாக இருக்கிறது, டிஷ்ஷைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று. அப்புறம் கூப்பிடவே இல்லை. மூன்றாம் நாள் முதலாளி மேலே போனார். ஆளைக் காணோம், பன்னிரண்டு மெஷினையும் காணோம். தடுப்பணையில் வால்வை மூடி, மெயினை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்து போலீஸில் புகார் கொடுத்தார். டிஷ்ஷை அவனே அறுத்துவிட்டு ஓடிப்போயிருப்பான் என்று அங்கே எழுதிக்கொண்டார்கள்.

இவ்வளவும் முதலாளி சொன்னது. மெஷின் வாங்கியவனைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று சர்வேயரம்மா கிளம்பினாள். பழைய மெஷின் வாங்குகிற கடையில் ஒன்று சிக்கியது. விசாரித்ததில் அது கடைக்காரரின் மைத்துனருடையது. ஒரு பஸ் கண்டக்டர், பெரிய பெட்டிகளோடு தாடிக்காரர் ஒருவர் ஏறினார் என்று சத்தியம் செய்தார். ஆபரேட்டருக்கு முகத்தில் முடியே சரியாக வளராது என்றாள் மனைவி. நேற்று ஒரு கிடங்கு வாசலில் ஆறு மணி நேரம் காத்துக் கிடந்து திறக்க வைத்தார்கள். பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. உள்ளே மேஜை மின்விசிறிகள். நம் கேஸில் உருப்படியாகக் காற்று வந்த ஒரே இடம் இதுதான் அண்ணி என்று கொழுந்தன் சொன்னபோது, அவனை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

எந்த மெஷினைக் கண்டாலும் இதுதான் என்று அடித்துச் சொல்ல நம்பர் வேண்டும். அந்த நம்பர்கள் எழுதிய ரிஜிஸ்டர் மேலே மெஷின்கள் ஓடும் கொட்டகையில்தான் இருந்தது. அதை எலி தின்றிருக்கும், பாதை போய்விட்டது, எனக்கு முழங்கால் வலி என்று முதலாளி மூன்று நாளாகத் தட்டிக் கழித்தார். இன்றைக்கு ஆபரேட்டரின் மனைவி அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டதால்தான் ஜீப் இதுவரையாவது வந்தது.

"நாங்க போய் ரிஜிஸ்டர் எடுத்துட்டு வர்றோம். நீங்க ரெண்டு பேரும் வண்டியிலேயே இருங்க," என்றாள் சர்வேயரம்மா.

சரிந்த மண் சாலையை முழுசாக மூடி மேடாகக் கிடந்தது. மழைக்குப் பிறகு விடாமல் வெயில் அடித்ததில் மேலே ஓடு போல் காய்ந்து, கால் வைத்தால் உடைந்து உள்ளே முழங்கால்வரை இறங்கியது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் பள்ளம். வேறு வழி இல்லை. பாதி தூரத்தில் கொழுந்தனின் செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. அதைத் தோண்டிக்கொண்டே அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஆட்டுக் குளம்புகள் ஈரத்தில் பதிந்து அப்படியே காய்ந்திருந்தன.

"ஆடு வந்திருக்கு. நாம வந்திருக்கோம். முதலாளி மட்டும் பறந்து போயிருப்பார் போல," என்றான்.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் எரிச்சல் வருகிற நாள் அது. தண்ணீர் பாட்டிலை ஜீப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பாதை ஓடையை ஒட்டியே ஏறியது. தண்ணீர் கற்களில் மோதி இரைந்துகொண்டு கூடவே வந்தது. ஒரு மணி நேரம் நடந்த பின் பாதை ஓடையை விட்டு விலகி, மரங்களுக்குள் வளைந்து, மறுபடி ஓடைக்கே வந்து சேர்ந்தது. அங்கே இருந்த மரப்பாலம் பாதியில் ஒடிந்து தொங்கியது. கொழுந்தன் சலித்துக்கொண்டே பேன்ட்டைச் சுருட்டிவிட்டு இறங்கினான். இறங்கியவன் அப்படியே நின்றான்.

"சுருட்டினது வீண். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, அண்ணி."

வெறும் கற்கள். நடுவில் ஒரு குட்டையில் முழங்கை அளவு தண்ணீர். அவள் இறங்கி நாலைந்து கற்களைத் தாண்டினாள். ஆறாவது கல்லில் நின்றுவிட்டாள்.

"தம்பி, இவ்வளவு நேரம் கூட வந்த தண்ணி எங்க?"

"கீழ ஓடுது."

"கீழ ஓடுற தண்ணி மேலயிருந்துதானே வரணும்?"

கொழுந்தன் திரும்பி ஓடையின் மேல்பக்கம் பார்த்தான்.

அவள் கையை நீட்டி மேலே காட்டினாள். அந்த வளைவுக்கு மேலே தடுப்பணை. அங்கே தண்ணீர் இருக்கிறது. ஒரு மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டு வந்த பள்ளத்திலும் இருக்கிறது. நடுவில் இந்தத் துண்டில் மட்டும் இல்லை. அப்படியானால் அது ஓடை வழியாக இறங்கவில்லை, குழாய் வழியாக இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டுக் கீழே மறுபடி ஓடையில் விழுகிறது. வால்வை மூடியிருந்தால் அணை நிரம்பி வழிந்து இந்த இடத்தில் இடுப்பளவு ஓடிக்கொண்டிருக்கும்.

"வால்வு திறந்திருக்கு. டர்பைன் சுத்திக்கிட்டிருக்கு," என்றாள்.

"யாராவது திரும்பத் திறந்திருந்தா?"

"செருப்பை எங்க விட்ட?"

அவன் புரியாமல் காலைப் பார்த்தான். பிறகு முகம் மாறியது. ஈரமாக இருந்தபோது ஆடு நடந்த தடம் இருக்கிறது. மூன்றாம் நாள் அதே ஈரத்தில் முழங்கால்வரை புதைந்து போய்வந்திருக்க வேண்டிய ஒரு கனத்த மனிதரின் தடம் இல்லை. முதலாளி இங்கே வரவே இல்லை.

எதிர்க்கரையில் பெரிய இரும்புக் குழாய் சரிவில் இறங்கியது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. உள்ளே தண்ணீர் பாயும் அதிர்வு மணிக்கட்டுவரை ஏறியது. அவளுக்கு வந்த கோபம் முதலில் முதலாளி மேல் அல்ல. ஒரு பெட்டிக்கடை எரிந்தால்கூட அந்தச் சாம்பலில் தானே கால் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் அவள். நான் போய்ப் பார்த்துவிட்டேன் என்று ஒருவர் சொன்ன ஒரே வாக்கியத்தை நம்பி, நான்கு நாட்களை மேஜை மின்விசிறிக்கும் தாடிக்காரனுக்கும் கொடுத்திருந்தாள். டிஷ்ஷைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று ஒருவன் சொன்னால், முதலில் டிஷ்ஷைத்தானே போய்ப் பார்த்திருக்க வேண்டும்?

"ஓடு," என்றாள். அவளே முன்னால் ஓடினாள்.

குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கியதில் கொட்டகை தெரிந்தது. மேட்டில் நின்ற கம்பம் வளைந்து, டிஷ் தலைகீழாகக் கிடந்தது. கொட்டகைக் கதவில் பூட்டு இல்லை. உள்ளே ரேக் ரேக்காக மெஷின்கள், ஒவ்வொன்றிலும் இன்டர்நெட் இல்லை என்று ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நீளமான மேஜையில் வரிசையாகப் பன்னிரண்டு மெஷின்கள் திறந்து கிடந்தன. ஃபேன்களைக் கழற்றித் தூசி தட்டி, ஒவ்வொன்றின் ஸ்குரூவையும் தனித்தனி மூடியில் போட்டு, பக்கத்தில் பெயின்ட் பிரஷ்ஷை வைத்திருந்தது. காணாமல் போன பன்னிரண்டும் அவைதான். மழையன்று காலையில் சுத்தம் செய்ய நிறுத்தியவை.

கொழுந்தன் சுவரில் மெயின் சுவிட்சைப் பார்த்து அதன் பக்கம் போனான்.

"அதுல கை வைக்காதீங்க," என்று திறந்திருந்த கதவுக்கு அப்பால், அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடைந்த, கரகரப்பான குரல். "லோடை எடுத்தா, கரண்ட்டை இழுக்க ஒண்ணும் இல்லாம டர்பைன் தறிகெட்டுச் சுத்திப் பிச்சுக்கிட்டுப் போயிடும்."

கொழுந்தன் கையை இழுத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஆள் தெளிவாத்தான் இருக்கார் அண்ணி," என்றான். சொல்லிக்கொண்டே குரல் வந்த பக்கம் ஓடினான்.

டர்பைன் அறையில், மீதமாகும் கரண்ட்டைத் தின்பதற்காக ஹீட்டர்கள் போட்ட தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் வெதுவெதுப்பான சுவரை ஒட்டி, அட்டைப்பெட்டிகளை விரித்து ஆபரேட்டர் படுத்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. பெட்டிச் சட்டங்கள் இரண்டை வைத்துத் தானே வயரால் கட்டியிருந்தார். பக்கத்தில் அரிசி மூட்டை, அடுப்பு, பாதி தீர்ந்த பிஸ்கட் டப்பா. மாதச் சாமான் வந்து இரண்டாம் நாள் விழுந்தாராம். அதைத்தான் அவர் முதலில் சொன்னார், தனக்கு அடித்த அதிர்ஷ்டம் போல.

கம்பத்தில் ஏறியிருந்தபோது காற்றில் கம்பமே சாய்ந்தது என்றார். ஊர்ந்தே கொட்டகைக்கு வந்தார். இரண்டு தடவை ஓடைவரை தவழ்ந்து போய், அதற்கு மேல் முடியாமல் திரும்பினார். வால்வு மேலே அணையில் இருந்ததால் அதை மூட வழியில்லை. ஓடுகிற டர்பைனை விட்டுவிட்டுத் தூங்கவும் மனசு வரவில்லை. மற்றபடி காத்திருந்தார். மெஷின் எல்லாம் நின்றது முதலாளிக்குத் தெரிந்திருக்கும், இரண்டு நாளில் ஆள் அனுப்புவார் என்று நிச்சயமாக நினைத்தார். அப்புறம் நான்கு நாள் என்று நினைத்தார். அப்புறம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டார்.

கொழுந்தன் காலைப் பிரித்து மறுபடி கட்டினான். அந்த வேலையில் அவன் கை பதறவில்லை. கட்டிக்கொண்டே, முதலாளி மூன்றாம் நாள் இங்கே வந்து பார்த்ததாகச் சொன்னாரே என்று கேட்டுவிட்டான். சர்வேயரம்மா தடுப்பதற்குள் வார்த்தை போய்விட்டது.

ஆபரேட்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "வந்தாரா? அப்ப ஜுரத்துல தூங்கிட்டேன் போல," என்றார். தப்பு தன்னுடையது என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்துக் கட்டினார்கள். டர்பைனை நிறுத்திவிட்டுப் போக வேண்டும், ஆள் இல்லாமல் ஓடவிடக் கூடாது என்று அவர் விடாப்பிடியாக நின்றார். நிறுத்தினால் ஓடையில் தண்ணீர் வந்துவிடும், உங்களை எப்படித் தூக்கிக்கொண்டு தாண்டுவது என்று சர்வேயரம்மா கேட்டாள். அவர் சரி என்றார். ஆனால் மேஜையில் இருந்த ஸ்குரூ மூடிகளை எல்லாம் ஒரு டப்பாவில் எடுத்து வைக்கச் சொல்லி, வைத்த பிறகுதான் கிளம்ப விட்டார்.

ஏறும்போது ஒன்றரை மணி நேரம் எடுத்த பாதை இறங்க நான்கு மணி நேரம் எடுத்தது. நூறு அடிக்கு ஒரு தடவை பலகையை இறக்கி வைத்தார்கள். அவளுக்குக் கை மரத்து, தோள் எரிந்து, கடைசியில் கோபம் மட்டும்தான் காலை நகர்த்தியது. மண்சரிவில் பலகையை வைத்து இழுத்தார்கள். எதிர்ப்பக்கம் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரின் மனைவி எழுந்து நின்று பார்த்தாள். பிறகு சேற்றுக்குள் இறங்கி ஓடி வந்தாள். அவர் முகத்தைத் தொட்டு, தோளைத் தொட்டு, பலகையின் ஒரு முனையைச் சர்வேயரம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

முதலாளி ஜீப்பை ஒட்டி நின்றிருந்தார். முன்னால் வரவில்லை.

பலகையைச் சாலையில் இறக்கியதும் ஆபரேட்டர் அவரைப் பார்த்தார். எழுந்துகொள்ள முயன்று, முடியாமல், படுத்தபடியே கும்பிட்டார்.

"சார், நீங்க வந்தப்போ நான் தூங்கிட்டேன் போல. ஒரு குரல் குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பேனே சார்."

சர்வேயரம்மா போட்டுவைத்திருந்த கேள்விகள் எல்லாம் தேவையில்லாமல் போயின. முதலாளியின் கண்கள் மண்சரிவுக்குப் போய், சாலைக்குப் போய், எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தன. ஆபரேட்டரின் மனைவி கணவனைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாட்களில் அவளைத் திருடன் பெண்டாட்டி என்றவர்கள் ஒவ்வொருவரும், முதலாளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராமே என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் கத்தவில்லை. கொழுந்தனிடம் திரும்பி, "அண்ணே, அவர்கிட்ட சாவியை வாங்குங்க," என்றாள்.

முதலாளி சாவியைக் கொடுத்தார். பின்சீட் முழுக்க ஆபரேட்டர் படுக்க வேண்டியிருந்தது. தலைமாட்டில் மனைவி குறுகி உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்சீட் காலியாகத்தான் இருந்தது. சர்வேயரம்மா ஏறவில்லை, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வா என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முதலாளியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் ஆடு வந்தா விசாரிச்சு வைங்க அண்ணி. இந்தக் கேஸ்ல நம்பற மாதிரி சாட்சி அது ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஜீப் போன பிறகு முதலாளி சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். கேட்காமலே பேச ஆரம்பித்தார். மூன்றாம் நாள் இதுவரை வந்ததாகச் சொன்னார். மேலேயிருந்து இன்னும் கல் உருண்டுகொண்டிருந்தது. ஒன்று பக்கத்தில் வந்து விழுந்தது. பயந்துபோய்த் திரும்பிவிட்டார்.

"போலீஸ்ல கேட்டாங்க, போய்ப் பாத்தீங்களான்னு. பாத்தேன்னு வாயில வந்துடுச்சு. பன்னெண்டு மெஷின் போன்லேயே குறைஞ்சிருந்துச்சு, அதையும் சேத்துச் சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியலம்மா. அவன் அங்க இருப்பான்னு நான் நினைக்கவே இல்ல."

திட்டிவிடலாம் என்றுதான் சர்வேயரம்மா வாயைத் திறந்தாள். இவரைத் திட்டினால் அடுத்ததாகத் தன்னையும் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பட்டது. பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். திருட்டுப் புகார் இன்னும் ஸ்டேஷனில் அப்படியேதான் இருக்கிறது. நடந்ததை உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இன்றைக்கே அங்கே கொடுத்துவிடலாம், தையல் கடையிலும் ஒரு நகல் கொடுக்கலாம் என்றாள்.

அவர் நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்து நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். மழை, மண்சரிவு, கல் விழுந்தது, முழங்கால் வலி எல்லாம் முக்கால் பக்கத்துக்கு இருந்தது. கடைசி வரியில் 'எனவே அங்கு போக முடியவில்லை' என்று முடித்திருந்தார்.

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"'போக முடியவில்லை' இல்ல. 'போகவில்லை'."

முதலாளி பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வரியையே பார்த்திருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்.